கோடி கொண்டுபோன வாடகைக் கார்

1

அக்கா செத்து நேற்றோடு ஒரு வருஷம்.

நேற்றும் நான் வேலைக்குப் போனேன். இங்கே டோர்ட்முண்டில் பொதி பிரிக்கும் கிடங்கு ஒன்றில் வேலை. காலை ஆறு மணிக்குள் அட்டையைக் காட்டி உள்ளே போக வேண்டும். இரண்டரை மணிக்கு வீட்டுக்கு வந்து, சோறும் பருப்பும் இரண்டு கறியும் சமைத்து, வாழை இலை கிடைக்காததால் பெரிய தட்டு ஒன்றில் படைத்து, பக்கத்தில் அக்காவின் படம் வைத்தேன். மகள் சௌமியா பள்ளிக்கூடத்தால் வந்தவள் எட்டிப் பார்த்து, “இது ஆருக்கு?” என்று கேட்டாள். அவளுடைய அம்மா யாழ்ப்பாணம். பிள்ளையின் தமிழும் அந்தப் பக்கத்துத் தமிழ்தான், இருக்கிற கொஞ்சமும்.

“அத்தைக்கு. ஒரு வருஷமாச்சு.”

கொஞ்சம் யோசித்தாள். பிறகு, “ஓம், அந்த டயர் நாள்,” என்று சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

அவள் மேல் கோபம் வரவில்லை. அவளுக்கு அது டயர் நாள்தான். அத்தையை அவள் உயிரோடு பார்த்ததில்லை.

இலங்கையில், கண்டிக்கு அருகே எங்கள் ஊரான வத்தேகமப் பக்கம் என்னைப் பற்றி மூன்று கதைகள் நடக்கின்றன. நான் குடித்துவிட்டு வழியில் விழுந்து கிடந்தேன் என்று ஒன்று. கண்டியில் ஹோட்டலில் தூங்கிவிட்டேன் என்று ஒன்று. சேலை வாங்கவே இல்லை, டயர் என்பதே பொய் என்று ஒன்று. மூன்றும் இல்லை. நடந்ததை எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் எழுத்து, பிழை இருக்கும். விஷயத்தில் பிழை இருக்காது.

2

நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதான், தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கட்டிக்கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக் கோடி அவள்மேல் விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச் சேலை கொண்டுவந்து தன் கையால் போர்த்த வேண்டும். அதுவரைக்கும் பெட்டியை மூட மாட்டார்கள். அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான்.

கடைசியாக நான் தனியாக ஊருக்குப் போய்வந்து பதினொரு வருஷம். முதலில் விசா இல்லை, பிறகு காசு இல்லை, பிறகு இரண்டும் இருந்தும் போகவில்லை. அக்கா போனில் அதைச் சொல்லிச் சொல்லிக் குத்துவாள். “நான் செத்தாலாவது கோடிய கையில கொண்டு வாடா, பார்சல்ல அனுப்பிறாத,” என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கும்போது வாயைக் கையால் மூடிக்கொள்வாள், முன்பல் இரண்டு கிடையாது. அந்தக் கதை பின்னால் வரும்.

செவ்வாய்க்கிழமை காலை நெஞ்சு வலி என்று தேயிலைத் தோட்டத்து லொறியில் ஏற்றியிருக்கிறார்கள். வத்தேகம வருவதற்குள் முடிந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வயது. வியாழக்கிழமை பகல் ஒரு மணிக்கு எடுப்பதாக மச்சான் முடிவு செய்தார். என் வசதிக்காக வைத்த நேரம் அது. எனக்கு விமான டிக்கெட் கிடைத்தது. மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை, சௌமியாவைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். சேலையை இங்குள்ள தமிழ்க் கடையில் வாங்கினேன், அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை. மச்சான் இருக்கிறார், சுமங்கலியாகப் போகிறவள், அதனால் நிறச் சேலை. கடைக்காரம்மா, “கலியாணத்துக்கோ?” என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வான் பிடித்திருக்கலாம். அது மலிவு, டிரைவருக்கு ரோடும் தெரியும். நான் வாடகைக் கார் எடுத்தேன். காரணத்தை ஒளிக்கவில்லை. பதினொரு வருஷம் கழித்துப் போகிறவன், நானே ஓட்டிக்கொண்டுபோய் லயத்து வரிசை வீடுகளின் வாசலில் இறங்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். சாவு வீட்டுக்குப் போகிறவனுக்கு அந்த ஆசை இருந்தது.

தற்காலிக லைசன்ஸ் எடுக்க ஒரு கவுண்டர், காசு கட்ட ஒரு கவுண்டர், அதைக் காட்டி முத்திரை வாங்க மறுபடி முதல் கவுண்டர். ஒன்றேகால் மணித்தியாலம் போனது. கார் கொடுத்தவன் பத்துப் பக்க ஒப்பந்தத்தை நீட்டினான். நான் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். சௌமியா பின் சீட்டில் உட்கார்ந்து அதைப் படித்தாள். பதினாலு வயதுப் பிள்ளை, முதல் பக்கத்திலிருந்து பத்தாம் பக்கம் வரை. ஜெர்மனி அவர்களை அப்படி வளர்க்கிறது.

3

டயரைப் பற்றி எனக்குச் சொல்லித்தர யாரும் தேவையில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதும் கட்டுகஸ்தோட்டையில் ஒரு டயர் கடையில் நாலு வருஷம் வேலை செய்தேன். தங்கினதும் அங்கேதான், டயர் அடுக்குக்குப் பின்னால். லொறிச் சக்கரத்து இரும்பு வளையம் தெறித்து வலது கை ஆள்காட்டி விரலின் நுனி போனது அங்கேதான். முதலாளி வெற்றிலைச் சுண்ணாம்பு வைத்துக் கட்டிவிட்டு, மிச்சம் ஒன்பது இருக்கிறதே என்றார். மறுநாளும் வேலை செய்தேன். அங்கிருந்து ஜோர்தான், சைப்ரஸ், பிறகு இங்கே. ஒரு கார்ச் சக்கரத்தைக் கழற்றி மாற்ற எனக்கு எட்டு நிமிஷம் போதும். இப்போதும்.

ஐந்து வருஷத்துக்கு முன் இங்கே ஒரு சடங்கு வீட்டுக்குப் போக ஏழு பேர் போகும் வண்டி ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். வழியில் நடைபாதைக் கல்லில் ஏற்றி முன் டயரைக் கிழித்துக்கொண்டேன். நானே இறங்கி, ஸ்பெயார் சக்கரத்தைப் போட்டு, கை கழுவிவிட்டுச் சடங்கில் சாப்பிட்டேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கவுண்டரில் இருந்த பெண்ணிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் பெருமையாகச் சொன்னேன், நானே சரி செய்தேன் என்று. அவள் எழுதிக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பிறகு இன்னொன்று. சமையலறை மேசையில் ஒன்பது வயதுச் சௌமியா அதைத் தமிழில் சொன்னாள். “அப்பா, நீங்கள் கேக்காமல் தொட்டதாம். அதால முழுக்க பிழையாம். அச்சும் பாக்கவேணுமாம்.” டயருக்கு, சக்கரத்துக்கு, அச்சுச் சோதனைக்கு, கடிதத்துக்கு என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் வாங்கினார்கள். நாலு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மீன் கடையின் குளிர் அறையில் நின்று கட்டினேன். அந்த மேசையில் என் பிள்ளையும் நானும் ஒரே பாடத்தைப் படித்தோம். வாடகை வண்டியில் எது உடைந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நின்று போன் பண்ண வேண்டும்.

4

மடவளையைத் தாண்டி வத்தேகம வீதியில் ஒரு வளைவு. எதிரே தனியார் பஸ் முழு ரோட்டையும் எடுத்துக்கொண்டு வந்தது. நான் ஓரம் ஒதுங்கினேன். இடது முன் சக்கரம் ரோட்டோர வடிகால் கானின் கொங்கிரீட் விளிம்பில் உரசி இறங்கியது. இறங்கிப் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் நாலு விரல் நீளத்துக்கு வெட்டு. பக்கவாட்டு வெட்டை ஒட்ட முடியாது, சக்கரம்தான் மாற்ற வேண்டும். மணி பதினொன்றரை. அக்கா வீட்டுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். டிக்கியைத் திறந்தேன். ஸ்பெயார் சக்கரம் இருந்தது, ஜெக் இருந்தது, ஸ்பெனர் இருந்தது.

நான் ஜெக்கை எடுத்துக் கீழே வைத்தபோது சௌமியா ஒப்பந்தத்தோடு இறங்கி வந்தாள்.

“அப்பா, தொடாதேங்கோ. ஏழாம் பக்கத்தில போட்டிருக்கு. அவைக்கு போன் அடிச்சு, அவை ஓம் எண்டு சொன்னாப் பிறகுதான்.”

ஜெக்கைத் திரும்ப உள்ளே வைத்தேன்.

கம்பெனியில் போன் எடுத்த பெண் ஆங்கிலத்தில் ஸேர், ஸேர் என்று பேசினாள். என் ஆங்கிலம் திணறியது. சிங்களத்துக்கு மாறினேன். என் சிங்களம் தோட்டத்துச் சிங்களம், அதை ஒளிக்க முடியாது. அடுத்த வசனத்திலேயே ஸேர் காணாமல் போய்விட்டது. “வாகனத்தை விட்டுப் போக வேண்டாம். கண்டியிலிருந்து ஆள் வருவார். அரை மணித்தியாலம்,” என்றாள். நானே மாற்றலாமா என்று கேட்டேன். “அதெல்லாம் எனக்குச் சொல்ல ஏலாது, ஆள் வந்து படம் எடுக்க வேணும்.”

அக்காவின் மகள் தேவிக்குப் போன் பண்ணினேன். ஒரே பிள்ளை, அப்போது இருபத்து மூன்று வயது.

“டயர் ஒண்ணு போயிருச்சும்மா. அரமணித்தியாலத்துல வந்துருவேன்.”

“சரி மாமா. அப்பாகிட்ட சொல்றேன். மெதுவா வாங்க.”

கொஞ்ச நேரத்தில் ஒரு திரீவீல் வந்து நின்றது. ஓட்டுகிறவர் மடவளைக்காரர், தொப்பி போட்டவர், என் வயதிருக்கும். இறங்கிவந்து டயரைப் பார்த்தார், திறந்திருந்த டிக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“ஸ்பெயார் ஈக்கிதானே?”

“இருக்கு. கம்பெனி ஆள் வரணும்.”

“என்னத்துக்கு? நட்ட எண்ணுறதுக்கா?”

விஷயத்தைச் சொன்னேன். எங்கிருந்து வருகிறேன், எங்கே போகிறேன் என்றும் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“மய்யத்த வீட்டுல வெச்சிட்டு ரோட்டுல நிக்கிறீங்களா? ஏறுங்க நானா. புள்ளையையும் ஏத்துங்க. அந்தா அந்தக் கடை என்ட மச்சான்ட கடை, அவன் வாகனத்தப் பாத்துக்குவான். இருவத்தஞ்சு நிமிசத்துல எறக்கி உடுறேன்.”

நானா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அந்தக் கடையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார். எல்லாம் தயாராக இருந்தது. நான் சௌமியாவைப் பார்த்தேன். அவள் ஒப்பந்தத்தைப் பார்த்தாள்.

“இப்ப வந்துருவாங்க,” என்றேன்.

திரீவீல்காரர் கையை உதறினார். “உங்கட இஷ்டம். ஜெர்மன்ல மூளையையும் வாடகைக்கு எடுக்கிறதாக்கும்.” வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

பன்னிரண்டே காலுக்கு மறுபடி கம்பெனிக்குப் பேசினேன். ஆள் புறப்பட்டுவிட்டார், கட்டுகஸ்தோட்டையில் நெரிசல், அரை மணித்தியாலம். தேவிக்கு அதையே சொன்னேன். இம்முறை அவள் சரி என்று மட்டும் சொன்னாள். ஒரு மணிக்கு மச்சான் எடுத்தார்.

“மச்சான், மேல மழ எறங்கிருச்சு. குழியில தண்ணி ஊறுது, பயலுக வாளி போட்டு எறைக்கிறானுக. ஆளுங்களுக்கு அரைநேரந்தான் லீவு குடுத்திருக்காங்க.”

“அரமணித்தியாலம் மச்சான். ஆள் வந்துக்கிட்டிருக்கான்.”

“வாகனம் எதாச்சும் அனுப்பட்டா?”

“வேணாம் மச்சான், கார விட்டுட்டு வர ஏலாது.”

போனில் அவருக்குப் பின்னால் தப்பு மேளச் சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் இல்லை, அழுது முடித்திருப்பார்கள்.

நான் ஏன் நின்றேன் என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். அரை மணித்தியாலம் நின்றவனுக்கு இன்னொரு அரை மணித்தியாலம் பெரிதாகத் தெரிவதில்லை. ஒவ்வொரு தடவையும் இப்போது விட்டுப்போனால் அதுவரை நின்றது வீண் என்று தோன்றும். வெளிநாட்டு அரசாங்கக் கந்தோர்களில் இருபது வருஷம் நம்பர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த உடம்பு இது. காத்திருந்தால் எதையாவது சரியாகச் செய்வதாக அதற்கு ஒரு நினைப்பு.

திரீவீல்காரர் வத்தேகம போய்த் திரும்பி வந்தார். வேகத்தைக் குறைத்தார், நிறுத்தவில்லை.

“இன்னமும் ஈக்கிறீங்களா,” என்று மட்டும் சொன்னார். பின்னால் இருந்த இரண்டு பெண்களும் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தேவியின் நம்பரிலிருந்து அழைப்பு. பேசியது செல்லையா.

செல்லையா என் சித்தப்பா மகன். வத்தேகமச் சந்தையில் மரக்கறி போடுகிறான். லயத்துப் பீலிக் குழாயடியில் தண்ணீர்ச் சண்டையில் குடத்தால் அடித்து அக்காவின் இரண்டு முன்பல்லை உடைத்தவன். அதற்குப் பிறகு அக்கா அவன் முகத்தில் முழித்ததில்லை. பதினாறு வருஷம். அவன் வருகிற வழியில் அவள் நடக்கக்கூட மாட்டாள்.

“டேய், நான் செல்லையா. நீ வர்றியா இல்லியா?”

“வர்றேன். அரமணி…”

“நாலாவது அரமணி இது. பொம்பளைங்க காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. குழி இடிஞ்சிக்கிட்டு வருது. கடையில ஒரு சேல எடுத்து வச்சிருக்கேன். வேற ஆம்பள இல்ல நம்ம பக்கத்துல. நீயே சொல்லு, நான் போடட்டா?”

அவன் மேல் இருக்கிற கோபத்தைத் தேடினேன். அந்த நேரத்தில் கிடைக்கவில்லை. அவன் அங்கே நின்றான். மழையில் குழி வெட்டியிருக்கிறான், குரலில் மூச்சு வாங்கியது.

“போட்டுரு,” என்றேன்.

“தேவி, கேட்டுக்க. அவனே சொல்லிட்டான்,” என்று அங்கே சொன்னது கேட்டது. பிறகு போன் நின்றது.

கம்பெனி ஆள் அதற்குப் பத்து நிமிஷம் கழித்து மோட்டார் சைக்கிளில் வந்தான். சிங்களப் பையன், நல்ல பையன். டயரை மூன்று படம் எடுத்தான். எங்கள் டிக்கியிலிருந்த அதே ஸ்பெயாரை, அதே ஜெக்கால், பன்னிரண்டு நிமிஷத்தில் மாட்டினான். நட்டுகளை எதிரெதிராக இறுக்காமல் வரிசையாக இறுக்கினான். நான் ஸ்பெனரை வாங்கிச் சரியாக இறுக்கினேன். அவன் என் கையைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டான்.

“அண்ணனுக்கு வேலை தெரியுதே. ஏன் நீங்களே போடவில்லை?”

“ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது.”

“அது சக்கரம் கழற்றத் தெரியாத வெள்ளைக்காரர்களுக்குப் போட்டது. நம்ம ஆட்கள் எல்லாரும் மாற்றிவிட்டு ஒரு படம் அனுப்புவார்கள்.”

காருக்குள் ஏறினதும் சௌமியா கேட்டாள். “நாங்கள் சரியாத்தானே செய்தனாங்கள் அப்பா?”

“ஓம்,” என்றேன், அவளுடைய தமிழிலேயே.

5

நான் போனபோது லயத்து வாசலில் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். காரை நிறுத்திவிட்டுச் சேலைப் பையோடு தேயிலைக்குள் ஏறி ஓடினேன். ஜெர்மன் சப்பாத்து, மூன்று இடத்தில் விழுந்தேன். மேலே குழியில் மண் பாதி போட்டாயிற்று. மச்சான் என்னைப் பார்த்துவிட்டு மண்வெட்டிக்காரனிடம் திரும்பி, “போடு, போடு,” என்றார்.

சேலையை மண்ணின் மேலாவது விரித்துவிடலாம் என்று பையைப் பிரித்தேன். ஒரு பெரியவர் கையைப் பிடித்தார்.

“ஒரு பொணத்துக்கு ரெண்டு கோடி விழக்கூடாதுய்யா. இன்னொரு பொணத்தக் கேட்கும். மடிச்சு வையி.”

மடித்து வைத்தேன். செத்தவளுக்கு எடுத்ததை வீட்டுக்குள் கொண்டுபோகவும் முடியாது. தப்பு அடித்தவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து, அவருக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுத்தேன். அவர் கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, வெளிநாட்டுச் சேலையா என்றார்.

அக்காவின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள். உடம்பு கெடாமல் இருக்க எம்பாம் பண்ணும்போது வாயை மூடித் தைத்துவிட்டதால் பல் இல்லாதது தெரியவில்லையாம். இதை எனக்குச் சொன்னவன் செல்லையா. எனக்குப் பால் இல்லாத பிளேன்டி ஒன்றை நீட்டிக்கொண்டே சொன்னான். வாங்கிக் குடித்தேன்.

ஐந்தாம் நாள் காரைத் திருப்பிக் கொடுத்தேன். அந்த நல்ல பையன் எழுதியிருப்பான் போல, வாடிக்கையாளர் விதிப்படி நடந்துகொண்டார் என்று கணினியில் இருந்தது. டயருக்கு என்னிடம் ஒரு சதம் வாங்கவில்லை. வைப்புப் பணம் முழுவதும் திரும்பி வந்தது. கவுண்டரில் இருந்தவர், உங்களைப் போல் எல்லாரும் இருந்தால் எங்களுக்கு வேலை சுகம் என்று கை கொடுத்தார். சௌமியா என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

6

இதை எழுத உட்கார்ந்தது நேற்று இரவு இல்லை. இன்று மாலை தேவி போன் பண்ணியபிறகு.

வருஷம் முடிந்துவிட்டதால் இனி நல்ல காரியம் வைக்கலாம். அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருக்கிறார்கள், மாப்பிள்ளை கண்டியில் ஒரு துணிக்கடையில் கணக்குப் பிள்ளை. வத்தேகமக் கோயிலில் வைக்கிறார்கள். பத்திரிகையைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். தாய்மாமன் என்று போட்டு அதன் கீழே செல்லையாவின் பெயர் இருந்தது. என் பெயர் மூன்றாவது வரியில், உற்றார் உறவினரோடு, அடைப்புக்குறிக்குள் ஜெர்மனி என்று போட்டு இருந்தது.

“பாத்தீங்களா மாமா?”

“பாத்தேன். அழகா அடிச்சிருக்காங்க.”

“கோவிச்சுக்காதீங்க மாமா. கோடி போட்டவுங்கதான் பொறந்த வீடுன்னு பெரியவங்க சொல்லிட்டாங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். அம்மாவுக்கு அந்தாளப் புடிக்காதுன்னும் சொன்னேன். அதுக்கு அப்பா, ஒன் மாமாவே போனுல குடுத்துட்டான், நம்ம என்ன செய்றதுங்கிறாரு.”

“அவரு சொல்றது சரிதாம்மா.”

“நீங்க கட்டாயம் வரணும். வானுக்குச் சொல்லி ஏர்போட்டுக்கு அனுப்புறேன், நீங்க கார் எடுக்காதீங்க.” சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் தயங்கினாள். “முன் வரிசையிலயே கதிரை போடச் சொல்றேன் மாமா. நல்லா பாக்கலாம்.”

நம் கல்யாணங்களில் தாய்மாமனுக்கு யாரும் கதிரை போடுவதில்லை. பெண்ணை மேடைக்குக் கூட்டி வருவது அவன். மாலை எடுத்துக் கொடுப்பது அவன். விடிந்ததிலிருந்து பந்தி முடியும்வரை அவனுக்கு உட்கார நேரம் இருக்காது. கதிரை போடுவது விருந்தாளிக்கு.

“மாமா, இருக்கீங்களா? எத்தன கதிரை சொல்லட்டும்? சௌமியாவும் வருவாதானே?”

சௌமியாவின் அறைக் கதவு மூடியிருந்தது. உள்ளே யாரோடோ ஜெர்மனில் பேசிக்கொண்டிருந்தாள். தட்டிக் கேட்டிருக்கலாம்.

“ஒண்ணு போதும்மா,” என்றேன்.